கருவுற்ற தாய்க்குத் தமிழில் நூல் – ஒரு வரலாற்று நோக்கு

தலைப்பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் தமிழரிடையே தொன்றுதொட்டு வருவது. இதற்குக் காரணம் பலவாறு கூறுவர். கருவுற்ற பெண்ணுக்கு வேண்டிய அறிவு முழுவதும் ஒரு காலத்தில் அவ்வீட்டு மூத்த பெண்டிரின் நாவிலேயே இருந்தது என்பதையே நாம் முதன்மையான காரணமாகக் கொள்கிறோம். எந்த மாதத்தில் எதை உண்பது, எவ்வாறு படுப்பது, எந்த வலி பொய்வலி, எந்த வலி மெய்வலி என்பனவற்றை எல்லாம் பாட்டியும் பெரியம்மையும் அத்தையும் வாயால் சொல்ல, அவள் காதால் கேட்டாள். ஏட்டின் தேவை எழவில்லை.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் போந்த குடும்பங்களில் இந்நிலை மாறிற்று. திருவனந்தபுரத்தில் சாலைக் கடைவீதியிலும் கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர் ஒருபுறமிருக்க, அலுவல் மாற்றத்தால் வந்து சேர்ந்தோரும், வாணிகத்திற்கும் கட்டட வேலைக்கும் வந்தோரும் மற்றொருபுறம் உளர். இப்பிற்கூறிய வீடுகளில் கணவன் காலையில் புறப்பட்டால் மாலையில் திரும்புவான். தாய் திருநெல்வேலியிலோ தஞ்சையிலோ இருப்பாள். ஆறேழு மாதம் வரை அப்பெண்ணுக்குத் துணையாக அமைவது மருத்துவர் தரும் சில நிமிடமும், கையிற் கிட்டும் புத்தகமும், அண்மைக் காலத்தில் கைப்பேசியுமே. அங்ஙனமாயின், தாயின் இடத்தில் வந்து அமரும் அந்தப் புத்தகம் எத்தகையது என்று ஆராய வேண்டாவா? “வீட்டில் உண்டாகியிருக்கிறாள், படிக்க ஏதேனும் நல்ல நூல் சொல்லுங்கள்” என்று நண்பர் கேட்கும்போதெல்லாம் நம் மனத்தில் எழும் வினா இதுவே. தமிழில் இத்துறையில் என்னென்ன எழுதப்பட்டன, யாருக்காக எழுதப்பட்டன என்பதை ஓரளவு தொடர்ந்து நோக்கினால் விடை தானே புலப்படும்.

சங்க இலக்கியத்திலிருந்தே தொடங்கலாம். புறநானூற்றின் இருபதாம் பாட்டு, சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் பாடியது. அம்மன்னனின் நாட்டு மண்ணைப் பகைவர் எவரும் உண்ண இயலாது. வயாவுற்ற மகளிர் ஆசைப்பட்டு உண்டால்தான் உண்டு என்னும் பொருள்படப் புலவர் கூறுகிறார். மண்ணை உண்ணுதல் என்பது நிலத்தைக் கைப்பற்றுதல் என்னும் பொருளையும் கருவுற்றாள் மண் தின்னும் பொருளையும் ஒருங்கே தாங்கி நிற்கும் நயம் புலவர் பலரும் எடுத்தாண்டது. நாம் நோக்குவது பிறிதொன்று. கருவுற்ற பெண்கள் மண்ணை விரும்பித் தின்பதை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு புலவர் கண்டு பதிவு செய்திருக்கிறார். அதுவும் சேரநாட்டைப் பற்றிய பாட்டில்! இவ்விருப்பம் உடலில் இரும்புச்சத்துக் குறைவோடு தொடர்புடையது என்பதை இற்றை நாள் மருத்துவம் எடுத்துக் காட்டியுள்ளது. புலவர் கண்டது உண்மை. அதன் காரணத்தை அறியும் வாய்ப்பு அவர் காலத்தில் இல்லை. இவ்வேறுபாட்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பழைய நூல்களை எல்லாம் மதிப்பிடுவதற்கு அது உதவும்.

சமய இலக்கியத்துள் புகுந்தால் கரு வளர்ச்சி பற்றிய செய்தி மிகுதியாகக் கிடைக்கின்றது. மாணிக்கவாசகர் அருளிய திருவாசகத்தில் போற்றித் திருவகவல் என்னும் பகுதி, தாயின் வயிற்றில் உயிரானது ஒவ்வொரு மாதத்திலும் எந்தெந்த இடையூற்றுக்குத் தப்பிப் பிழைக்கிறது என்று முதல் மாதம் தொடங்கிப் பத்தாம் மாதம் வரை வரிசையாகக் கூறுகின்றது. திருமூலர் திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் கர்ப்பக் கிரியை என்றே ஒரு பகுதி வைத்தார். பட்டினத்தார் பெயரால் வழங்கும் உடற்கூற்று வண்ணம் கருவில் தொடங்கிச் சுடலையில் முடிகின்றது. மாதவாரியாகக் கருவின் நிலையைச் சொல்லும் இந்த அமைப்பு, இக்காலத்தில் வெளிவரும் கர்ப்பகால வழிகாட்டி நூல்களின் அமைப்பை ஒத்திருப்பது வியப்பளிக்கின்றது. ஆயினும் நோக்கம் வேறு. பிறவியின் அருமையையும் துன்பத்தையும் உணர்த்தி உயிரை இறைவன்பால் திருப்புவதே அவர்தம் குறிக்கோள். தாய்க்குச் சோறும் மருந்தும் பற்றி அறிவுரை கூற அவர்கள் பாட எழுந்தாரல்லர். ஒவ்வொரு மாதமும் ஓர் இடர் என்று அடுக்கும் பாடலை அச்சம் மிகுந்த ஓர் இளம்பெண்ணிடம் தனியே கொடுத்துப் படிக்கச் சொல்வது பொருந்துமா என்பதும் நமக்கு ஐயமே. பொருள் உணர்த்த வல்லார் அருகிருந்தால் கேடில்லை.

ஆறுதலுக்காகப் படிக்கும் மரபும் நம்மிடையே உண்டு. கருவுற்ற பெண் சுந்தர காண்டம் பாராயணம் செய்வது பல வீடுகளில் இன்றும் நிகழ்வது. பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் தம் ஆசிரியரிடம் சென்றபோது, தேவார ஏட்டில் கயிறு சாத்திப் பார்க்கத் திருவெண்காட்டுப் பதிகம் வந்ததென்றும், அவ்வூரில் தங்கி வழிபட்டு மெய்கண்டாரை மகனாகப் பெற்றாரென்றும் சைவ மரபு கூறும். அதுமுதல் அப்பதிகம் மகவு வேண்டுவோர் ஓதும் பதிகமாயிற்று. இத்தகைய ஓதல் மனத்துக்கு அமைதி தருவதாயின் அதனை எவரும் தடுக்க வேண்டுவதில்லை. மருத்துவரிடம் செல்லும் நாளைத் தள்ளிப்போடுவதற்கு அது காரணமாகுமாயின் அப்போதுதான் கேடு விளைகின்றது.

வயிற்றிலிருக்கும் மகவு கேட்கிறது என்னும் நம்பிக்கை பிரகலாதன் கதையிலும் அபிமன்யு கதையிலும் உண்டு. இதனை நகைத்து ஒதுக்கியோரும் இருந்தனர். அளவுகடந்து போற்றினோரும் இருந்தனர். அமெரிக்க நாட்டு உளவியலார் அந்தோனி டிகாஸ்பரும் அவருடன் ஆய்ந்த மெலனி ஸ்பென்சும் 1986 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. கருக்காலத்தின் இறுதி ஆறு வாரங்களில் தாய்மாரை நாள்தோறும் ஒரு சிறுவர் கதையை உரக்கப் படிக்கச் செய்தனர். பிறந்த சில நாட்களில் அக்குழந்தைகளுக்கு அக்கதையையும் வேறொரு கதையையும் ஒலிக்கச் செய்தபோது, தாய் முன்னர்ப் படித்த கதையின் ஒலியையே அவை நாடின. கதையின் பொருள் குழந்தைக்கு விளங்கிற்று என்று அவர்கள் கூறவில்லை. ஓசையும் சந்தமும் பழகிப்போயின, அவ்வளவே. சக்கரவியூகத்தைப் பிளக்கும் வித்தை வயிற்றில் ஏறாது. ஆனால் தாயின் மொழியோசை ஏறும். அயல்மொழிச் சூழலில் வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்கு இது இனிப்பான செய்திதானே! கணக்கு வாய்பாட்டை வயிற்றருகே ஒலிக்கச் செய்து மேதைகளை ஈன்றெடுக்கலாம் என்று பணம் பறிக்கும் வகுப்புகளும் நூல்களும் இந்நாளில் பெருகியிருப்பதால், இவ்வாய்வு எதைச் சொல்லிற்று, எதைச் சொல்லவில்லை என்பதைச் சற்று விரித்துரைத்தோம்.

இனி மருத்துவ நூல்கள். சித்த மருத்துவச் சுவடிகளில் மகளிர் நோயும் குழவி நோயும் பேசப்பட்டன. பாலவாகடம் என்னும் பெயரில் நூல்கள் வழங்கின. இவை மருத்துவர்க்கு உரியன. பேறு பார்த்தவளோ மருத்துவச்சி. மலையாள வழக்கில் வயற்றாட்டி என்பர். அவள் எழுத்தறியாதவள், கைப்பழக்கமே அவள் கல்வி. எழுதப்பட்ட அறிவு ஒருவரிடமும், பேறு பார்க்கும் கை வேறொருவரிடமும், நோவு மூன்றாமவளிடமுமாகப் பிரிந்து கிடந்தன. நெடுங்காலம் நம் நாட்டுப் பெண்டிர் பேற்றில் மடிந்ததற்கு இப்பிரிவும் ஒரு காரணம் என்பது நம் துணிபு.

அரண்மனையும் இதற்கு விலக்கன்று. திருவிதாங்கூரில் 1813 ஆம் ஆண்டு ஏப்ரல் 16 ஆம் நாள் பிறந்த சுவாதித் திருநாளைக் ‘கர்ப்ப ஸ்ரீமான்’ என்பர். நாட்டை ஆள ஆண் வழித்தோன்றல் இன்றி அரசு கைநழுவுமோ என்று அஞ்சியிருந்த காலத்தில், கருவிலிருந்தபோதே அரசுரிமை பெற்றவர் என்பதால் எழுந்த பெயர் அது. இரயிம்மன் தம்பி இயற்றிய புகழ்பெற்ற தாலாட்டு அக்குழந்தைக்காகவே பிறந்தது. அவர்தம் அன்னை கௌரி லட்சுமிபாய் அம்மை குத்தும் முறையை இந்நாட்டில் புகுத்திய பேரறிவினர். அத்தகைய அரசியே 1814 இல் மற்றுமோர் ஆண்மகவை ஈன்றபின் நெடுநாள் வாழ்ந்தாரில்லை. மறைந்தபோது அவருக்கு அகவை இருபத்தைந்தைத் தொடவில்லை. தாலாட்டு நிலைத்தது, தாய் நிலைக்கவில்லை.

தமிழில் மேனாட்டு முறைப்படிப் பேற்று மருத்துவ நூலை முதன்முதல் ஆக்கித் தந்த பெருமை யாழ்ப்பாணத்தைச் சாரும். அமெரிக்க மிசன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் அங்கு வந்து, மானிப்பாயில் மருத்துவமனை அமைத்துப் பின்னர்த் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார். அவரும் அவர் மாணாக்கரும் மொழிபெயர்த்த நூல்கள் பல. அவற்றுள் ஒன்று, மான்செல் என்னும் அயர்லாந்து மருத்துவரின் பேற்று மருத்துவ நூல். 1857 இல் அது தமிழில் அச்சேறிற்று. உடற்கூற்றுக்கு ‘அங்காதிபாதம்’, உடலியலுக்குச் ‘சுகரணம்’, அறுவை மருத்துவத்துக்கு ‘இரண வைத்தியம்’ என்று அவர் குழுவினர் வழங்கிய சொற்களைக் காணும்போது, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அயல்நாட்டார் மேற்கொண்ட துணிவை எண்ணி வியவாதிருக்க இயலவில்லை. கலைச்சொல் இல்லை, ஆகவே தமிழில் இயலாது என்று நம்மவரே கூறிக்கொண்டிருந்த காலத்துக்கு வெகு முன்னர் நடந்தது இது.

ஆனால் போற்றுதலோடு நின்றுவிடலாகாது. மான்செல் தம் ஆங்கில நூலை வெளியிட்டது 1834 இல். வியன்னா நகரத்தில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பேறு பார்ப்போர் கைகளைக் குளோரின் நீரில் கழுவிக்கொண்டால் பேற்றுச் சன்னியால் நேரும் சாவு பெரிதும் குறைவதைக் கண்டறிந்தது 1847 இல். அவர் தம் கண்டுபிடிப்பை நூலாக வெளியிட்டதோ 1861 இல். லிஸ்டர் நுண்ணுயிர் நீக்கும் முறையை வெளியிட்டது 1867 இல். ஆகவே 1857 இல் தமிழுக்கு வந்த நூலுக்கு மூலமானது, அத்துறையின் தலையாய உண்மை தோன்றுமுன் எழுதப்பட்டது. எத்துணைச் சிறந்த மொழிபெயர்ப்பாயினும் இக்குறையை அது நீக்கவல்லதன்று. ஒரு மருத்துவ நூலைக் கையிலெடுத்தால் தலைப்பைப் பார்க்குமுன் பதிப்பாண்டைப் பார்க்க வேண்டும் என்று நாம் நண்பர்களிடம் சொல்லி வருவதற்கு இதுவே அடிப்படை.

அதே காலத்தில் திருவிதாங்கூரிலும் ஒரு முயற்சி நடந்தது. இங்கு மருத்துவராகப் பணியாற்றிய எட்வர்டு ஜான் வாரிங், கடைவீதியில் கிடைக்கும் நாட்டு மருந்துகளின் பயன்களைப் பற்றிய சிறுநூலொன்றை 1860 இல் ஆங்கிலத்திலும் தமிழிலும் வெளியிட்டார். மருத்துவர் இல்லாத ஊர்களில் பொதுமக்களுக்கு உதவுவதே அதன் நோக்கம். இந்நாட்டில் பணியாற்றியவர் தம் நூலைத் தமிழில் தந்தார் என்பது அன்றைய திருவிதாங்கூரில் தமிழ் பெற்றிருந்த இடத்தையும் காட்டுகின்றது. பிற்காலத்தில் அவர் தொகுத்த இந்திய மருந்து நூலும் கிறீன் குழுவினரின் தமிழ் நூல் வரிசையில் இடம்பெற்றது.

இவையாவும் மருத்துவரையோ பொதுமக்களையோ நோக்கியன. கருவுற்ற பெண்ணையே முன்னிலைப்படுத்தி எழுதும் வழக்கம் உலகிலேயே பிற்பட்டுத்தான் வளர்ந்தது. அமெரிக்க அரசின் குழந்தைகள் நலத்துறை 1913 இல் வெளியிட்ட ‘பிரீநேட்டல் கேர்’ என்னும் சிறு வெளியீடு அவ்வகையில் பெயர் பெற்றது. அதனை எழுதியவர் ஐந்து மக்களை ஈன்ற ஒரு பெண்மணி, மேரி மில்ஸ் வெஸ்ட் என்பார். மருத்துவப் பட்டம் பெறாத தாயொருத்தி, மருத்துவர் சரிபார்த்த செய்தியைத் தாய்மாருக்கு விளங்கும் நடையில் எழுதினாள் என்பதே அதன் சிறப்பு. பின்னர் ஆங்கிலேய மருத்துவர் கிராண்ட்லி டிக் ரீட், அச்சமே பேற்று வலியைப் பெருக்குகின்றது என்னும் கொள்கையைத் தம் நூல்களில் பரப்பினார். 1984 இல் வெளிவந்த ஹைடி மர்க்காஃப் முதலியோரின் மாதவாரி நூலைக் கைப்பேசியுலகம் வந்த பின்னும் நம் நகரத்துப் புத்தகக் கடைகளில் காணலாம். அந்நூலில் கூறப்படும் உணவு வகைகள் பெரும்பாலும் நம் அடுக்களையில் இல்லாதவை. கேழ்வரகும் முருங்கைக்கீரையும் சுண்டலும் அதில் எங்கே தேடுவது?

இனி நம் நகரத்திற்கே உரிய வரலாற்றுக்கு வருவோம். இப்பகுதியில் சற்று நிற்க விரும்புகிறோம்.

மேரி புன்னன் லூக்கோஸ் 1886 இல் பிறந்தவர். தந்தையார் டி. இ. புன்னன் அரண்மனை மருத்துவர். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் அறிவியல் பிரிவில் பெண்ணென்னும் காரணத்தால் இடம் மறுக்கப்படவே, மேரி கலைப்பிரிவில் பயின்று 1909 இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று மருத்துவப் பட்டமும், டப்ளினில் பேற்று மருத்துவப் பயிற்சியும் பெற்று 1916 இல் தாயகம் திரும்பித் தைக்காட்டிலிருந்த மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் பணியேற்றார். மருத்துவமனை இருந்தது; மருத்துவர் வந்தார்; வரவேண்டிய தாய்மார் மட்டும் வரவில்லை. மருத்துவமனை சென்று பிள்ளை பெறுவது அந்நாளில் இழிவாகவும் அச்சத்துக்குரியதாகவும் கருதப்பட்டது. ஊர் மருத்துவச்சியரோ தம் பிழைப்புக்கு இடையூறு வந்ததென்று எண்ணினர்.

இந்நிலையில் அவர் மேற்கொண்ட வழி நுட்பமானது. மருத்துவச்சியரைப் பகைக்கவில்லை, அவர்தம் மக்களையே பேற்றுத் துணைமைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார். தாயின் தொழிலை மகள் கல்வியோடு தொடரும்போது தாய்க்கு மறுப்புக் கூற வாயேது? அடுத்து, தம் முதற்குழந்தையை அம்மருத்துவமனையிலேயே ஈன்றார். மருத்துவரே வந்து பெற்றெடுத்த இடத்திற்கு மற்றவர் வரத் தயங்குவரோ! எத்தனை துண்டு வெளியீடுகள் அச்சிட்டாலும் இதற்கு ஈடாகா. கேரளத்தில் முதல் வயிற்றறுவைப் பேறு 1920 இல் அவர் கையால் நடந்ததென்பர். 1922 இல் திருவிதாங்கூர்ச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்ட அவர் 1938 இல் சர்ஜன் ஜெனரல் ஆனார். இந்தியாவில் அப்பதவி வகித்த முதற்பெண் அவரே. நாகர்கோயிலில் காசநோய் மருத்துவமனை அமைவதற்கும் அவர் காரணர். 1975 இல் பத்மஸ்ரீ விருது பெற்று, மறு ஆண்டில் மறைந்தார்.

மேரியின் பணியைத் தொடர்ந்து இந்நகரில் மகப்பேற்று நிலையங்கள் வளர்ந்தன. ஆறு அகவையில் மறைந்த இளவரசர் அவிட்டம் திருநாளின் நினைவாக எழுந்த எஸ்.ஏ.டி. மருத்துவமனை 1952 இல் திறக்கப்பெற்றது. இன்று கேரளத்தில் பேற்றில் இறக்கும் தாய்மார் தொகை நாட்டிலேயே குறைவு. 2018–20 ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு இங்கு 19, தமிழ்நாட்டில் 54, நாடு முழுமைக்கும் 97.

தமிழ்நாட்டிலும் இருபதாம் நூற்றாண்டில் பொதுமக்களுக்கான உடல்நல எழுத்து பெருகிற்று. அவ்வகையில் நாம் தனித்துப் போற்ற விரும்புபவர் பெரியசாமித் தூரன். தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியராக 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளை வெளிக்கொணர்ந்தவர், இசைப்பாடல்களால் ஊரறிந்தவர். அவரே ‘பாரம்பரியம்’, ‘கருவில் வளரும் குழந்தை’ என்னும் நூல்களையும் எழுதினார் என்பது இளைய தலைமுறையில் பலருக்குத் தெரியாது. கருவின் வளர்ச்சி பற்றித் தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர் படித்துணரும்படி எழுதலாம் என்பதை அவர் செய்து காட்டினார். கவிஞர் ஒருவர் கருவியல் எழுதியதால் நடைக்குக் கிடைத்த தெளிவை இன்றைய எழுத்தாளர் கற்றுக்கொள்ளலாம். ஆயினும் அந்நூலையும் நடைக்காகவும் வரலாற்றுக்காகவும் படிக்கச் சொல்வோமேயன்றி, மருந்துக்கும் உணவுக்கும் வழிகாட்டியாகக் கொள்ளச் சொல்ல மாட்டோம். காரணம் மீண்டும் ஆண்டுதான்.

ஆண்டு என்னும் இச்சிறு எண் எத்துணை முதன்மையானது என்பதற்கு மேலும் இரண்டொரு சான்று தருவோம். லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928 இல் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழில் செய்த கருவுற்ற மகளிர்க்கு நேரும் கடுஞ்சோகையை ஆராய்ந்து, ஈஸ்ட்டுச் சாறு அதனைத் தீர்ப்பதைக் கண்டார். அச்சாற்றில் இருந்த சத்தே பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. அதனைக் கருவுறுமுன்பே உட்கொள்வதால் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாடு மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைகிறது என்று பன்னாட்டு ஆய்வு நிறுவியது 1991 இல். ஆகவே அதற்கு முற்பட்ட நூலில் இவ்வறிவுரை தெளிவாக இராது. இனி தாலிடோமைடு. 1950களின் இறுதியில் வாந்திக்கு நல்ல மருந்தென்று பல நாடுகளில் தாய்மார்க்குத் தந்த அம்மருந்தால், கைகால் குறைந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. 1961 இன் இறுதியில்தான் அது திரும்பப் பெறப்பட்டது. கருக்காலத்தில் மது அருந்துவதால் குழந்தைக்கு நேரும் குறைபாட்டுத் தொகுதிக்கு மருத்துவர் பெயரிட்டது 1973 இல். தாத்தா காலத்து நூலைப் பேத்திக்குக் கொடுப்பதில் அன்பு இருக்கலாம், பாதுகாப்பு இல்லை.

ஆண்டுக்கு அடுத்து, நூல் சில குறிப்பிட்ட செய்திகளில் என்ன சொல்கிறது என்று புரட்டிப் பார்த்தல் நலம். குங்குமப்பூ உண்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும், இரும்புச்சத்து மாத்திரை உண்டால் கறுப்பாகப் பிறக்கும் என்று எழுதியிருப்பின் அந்நூலை அங்கேயே மூடி வைத்துவிடலாம். இரண்டும் பொய். இரண்டாவது பொய் உயிருக்கு ஊறு செய்வது. பேற்றில் நேரும் உதிரப்போக்கைச் சோகையுற்ற உடல் தாங்காது. அரசு திட்டப்படி ஒவ்வொரு தாய்க்கும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை 180 நாட்களுக்கு வழங்கப்படுவது இதனால்தான். நிறத்தின் மீதுள்ள மயக்கத்தால் அம்மாத்திரையைச் சன்னலுக்கு வெளியே எறியும் வீடுகள் இன்றும் உள என்று செவிலியர் கூறக் கேட்கிறோம். சீம்பாலைப் பிழிந்து கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டச் சொல்லும் நூலும் ஒதுக்கத்தக்கதே. குழந்தைக்கு முதல் காப்பு அப்பால்தான்.

ஆணா பெண்ணா என்று கண்டறியக் கணக்கும் குறியும் கூறும் சிறு நூல்களைப் பற்றி நமக்குப் பொறுமை இல்லை. கருவின் பாலறிந்து கூறுவதைத் தடுக்கும் சட்டம் 1994 இல் இயற்றப்பட்டது ஏன் என்பதை நாடறியும். வயிறு கூர்ந்திருந்தால் ஆண், பரந்திருந்தால் பெண் என்பது வெறும் பொழுதுபோக்கென்று சிலர் கூறுவர். பெண்ணென்று ‘கணிக்கப்பட்ட’ ஐந்தாம் மாதத்திலிருந்து அத்தாயின் தட்டில் விழும் சோறு குறைவதைப் பார்த்தவர் அங்ஙனம் கூறார்.

நூலில் தந்தைக்கு இடம் உண்டா என்பதும் நோக்க வேண்டும். நம் பழைய மரபில் மசக்கையுற்றவள் கேட்டதை வாங்கி வருவதோடு கணவன் கடமை முடிந்தது. தனிக்குடித்தனத்தில் அது போதாது. உதிரம் காணுதல், தலைவலியோடு பார்வை மங்குதல், முகமும் கையும் வீங்குதல், காய்ச்சல், நீர்க்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகிய இவற்றுள் எது நேரினும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதைக் கணவனும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. இப்பட்டியலை முதற் பக்கங்களிலேயே பெரிய எழுத்தில் தரும் நூல், வண்ணப் படங்கள் இல்லாவிடினும் நல்ல நூலே. நடுவண் அரசு 2010 முதல் வழங்கிவரும் தாய்–சேய் பாதுகாப்பு அட்டை விலையின்றிக் கிடைப்பது. சில நூறு ரூபாய் விலையுள்ள பல புத்தகங்களைவிட அது மேலானது என்போம். அட்டையென்று பெயரிட்டதால் அதனைப் படிக்கத் தக்கதாக எவரும் கருதுவதில்லை!

இங்குதான் இந்நகரத்துத் தமிழ்க் குடும்பத்திற்கு ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. இங்கு தரப்படும் அட்டையும் துண்டு வெளியீடும் மலையாளத்தில் அமைவன. அது முறையே, இந்நாட்டு மொழி அதுதான். மலையாளம் பேசவும் கேட்கவும் சில மாதங்களில் நம்மவர் பழகிக்கொள்வர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்குவோரும் உண்டு. ஆயின் இரு மொழிக்கும் பொதுவான சொற்களே இங்குக் குழியாகின்றன. ‘பனி’ என்று மலையாளத்தில் எழுதியிருந்தால் காய்ச்சல் என்று பொருள். தமிழ்ப்பெண் அதனை மார்கழிப் பனியென்று கொண்டு, சாளரத்தை அடைத்துக்கொண்டு உறங்கச் செல்வாள். ‘காலில் நீர்’ என்றால் வீக்கம். நம்மவள் கால் நனைந்ததென்று எண்ணக்கூடும். ‘ரக்தஸ்ராவம்’ உதிரப்போக்கு என்பது ஊகத்தால் விளங்கலாம். ‘சர்த்தி’ வாந்தி என்பது விளங்குமா? சில சொற்கள் நமக்கு உறவாகவும் நிற்கின்றன. சோகையைக் குறிக்கும் ‘விளர்ச்ச’ நம் பழந்தமிழ் ‘விளர்த்தல்’ தான். குழந்தையின் அசைவைக் குறிக்கும் ‘அனக்கம்’ நாஞ்சில் நாட்டார்க்கு அன்றாடச் சொல், தஞ்சாவூர்க்காரிக்கோ புதிது.

ஆகவே இங்குள்ள தமிழ்க் குடும்பத்தார், தமிழ்நாட்டு நல்வாழ்வுத் துறையின் தமிழ் வெளியீடொன்றை ஊருக்குச் சென்று வருவோர் வழியே பெற்று, இங்குத் தரும் மலையாள அட்டையோடு ஒப்பவைத்துக்கொள்ளுதல் நலம். அண்டை வீட்டு மலையாளப் பெண்மணி ஒருவரை உடனிருத்தி அரைமணி நேரம் படித்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று உரையாகிவிடும். பனி, நீர், அனக்கம், ரக்தஸ்ராவம் என்னும் நான்கு சொற்களுக்கும் தமிழ்ப் பொருளை அட்டையின் ஓரத்தில் கைப்பட எழுதி வைக்கலாம். அதன் கீழே அவசர ஊர்திக்கு 108 என்றும், கேரள அரசின் ‘திசா’ நல உதவி எண் 1056 என்றும் குறித்துக்கொள்க.